மாவு இறுகும் நேரத்துக் கிட்டார்

போன் அடித்தபோது பல்லக்காவின் இரண்டு கையிலும் பிளாஸ்டர் மாவு. ரப்பர் கிண்ணத்தில் கரைத்த மாவை ஒரு பெரியவரின் வாய் அச்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டால் காற்றுக் குமிழி நின்றுவிடும். அதனால் முழங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாருங்க?"

அந்தப் பக்கம் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு கரகரப்பு. "யாருன்னு நீயே சொல்லு பாப்போம்."

"பல் செட் விஷயமா? டாக்டரம்மா சாயங்காலம் இருப்பாங்க. அப்ப கூப்பிடுங்க."

"அடிப்பாவி! என்னையே சாயங்காலம் கூப்பிடச் சொல்றியா? நான்தான்டி, மைக்கு."

பல்லக்காவின் கை அப்படியே நின்றது.

பல்லக்கா என்பது பல் மருத்துவமனையில் வந்த பெயர். டாக்டரம்மாவின் சிகிச்சை அறைக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வது அவள் வேலை. முன்னறையில் பல் போகும், பின்னறையில் பல் வரும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மைக்கு என்பது காலேஜில் வைத்த பெயர். அந்தத் தோழிக்கு மைக்கே தேவைப்படாது என்பதால் வந்தது அது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் பாடினால் வெளிவாசலில் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். அவள் பாட, இவள் கிட்டார் வாசிக்க, இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் போலத் திரிந்த காலம் உண்டு. அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள். சண்டை என்று ஒன்றுமில்லை. பேச்சு தேய்ந்து தேய்ந்து, பிறந்தநாள் வாழ்த்தில் வந்து நின்றிருந்தது.

"குரலுக்கு என்னடி ஆச்சு? சளியா?"

"சளின்னா ஒரு வாரத்துல போயிருக்குமே."

மைக்கு மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள். கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நல்லவேளையாக அது கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரல் நரம்பு சோர்ந்துபோய், மாதக்கணக்கில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அவள் பள்ளிக்கூட டீச்சர். பேச முடியாமல் போர்டில் எழுதி எழுதியே வகுப்பு நடத்தினாள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பிக்கொண்டிருந்தது, அதுவும் பழைய குரலாக இல்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொல்றதுக்குத்தான் குரலே இல்லையே" என்று மைக்கு சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "சரி, விஷயத்துக்கு வரேன். ஸ்கூல் ஆண்டு விழாவுல பாடறேன்னு பேர் குடுத்துட்டேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன. நாம எழுதின பாட்டு. பக்கத்துல உக்காந்து நீ வாசிச்சா பாடுவேன். இல்லன்னா நாளைக்கே பேரை எடுத்துடுவேன்."

"நான் கிட்டாரைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

"நானும் பாடி ரொம்ப நாள் ஆச்சு. சரிக்குச் சரி."

யோசிப்பதற்கு முன்னால் பல்லக்காவின் வாய் "சரி" என்று சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் அச்சைப் பார்த்தாள். பெரியவரின் முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு குமிழி. எல்லாவற்றையும் கழுவிக் கொட்டிவிட்டு மறுபடி மாவு கரைத்தாள்.

கிட்டார் பீரோவுக்கு மேலே, பழைய போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. கணவர் நாற்காலி போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தார். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் வரும், போட்டது போட்டபடி ஓடுவார். அதனால் வீட்டு வேலையில் அவரை நம்பி எதையும் அடுப்பில் வைக்க முடியாது. மகள் நான்காம் வகுப்பு. அவளுக்குக் கீழே நடக்கப் பழகியதும் ஓடவே ஆரம்பித்துவிட்ட ஒரு பொடியன். பகலில் அவனை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் அம்மாவைக் கண்டதும் காலைக் கட்டிக்கொள்வான், பிறகு தூங்கும்வரை விடமாட்டான்.

தந்தியெல்லாம் துருப்பிடித்திருந்தது. புதுத் தந்தி மாட்டிச் சுருதி சேர்த்து மடியில் வைத்ததும், பொடியன் வந்து முறுக்காணியை ஒரு திருகு திருகினான். சேர்த்த சுருதி போயே போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள் பல்லக்கா.

அந்த ஞாயிறு துணி துவைப்பதில் போனது. அடுத்த ஞாயிறு பொடியனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறு கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போக, முழுதாக ஒரு மத்தியானம் கையில் கிடைத்தது. பாட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், அதே இடத்தில் அதே தடுக்கல். விடாமல் வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியெல்லாம் சிவந்து எரிந்தது. அப்படியே தரையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகள் வந்து எழுப்பினாள்.

"அம்மா, முதல் பாதி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. இந்தப் பாட்டுக்கு ரெண்டாவது பாதி இருக்கா, இல்ல அவ்வளவுதானா?"

கணவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லக்காவுக்குச் சுருக்கென்றது.

அடுத்த சனிக்கிழமை மைக்கு வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவளைக் கட்டிக்கொண்டபோது, கழுத்தின் அடியில் ஒரு தழும்புக் கோடு தெரிந்தது. அதை மறைக்க மைக்கு எந்த முயற்சியும் எடுக்கவில்லை. "வா வா, அறுத்த இடத்தப் பாக்கணும்னா நல்லாப் பாத்துக்கோ. இப்படி ஓரக்கண்ணால பாத்தா எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. மைக்குவின் குரல் பழைய உயரத்துக்கு ஏறவே இல்லை. சுருதியை நன்றாக இறக்கினால்தான் பாட முடிந்தது. சுருதி மாறினால் கிட்டாரில் விரல் வைக்கும் பிடிகளெல்லாம் மாறும். பழைய பிடிகள் எப்படியோ விரலில் ஒட்டிக்கொண்டிருந்தன. புதிதாக வந்ததில் ஒன்று, ஆள்காட்டி விரலைக் கட்டை போலப் படுக்கவைத்து ஆறு தந்தியையும் ஒருசேர அழுத்த வேண்டிய பிடி. அழுத்தினால் இசை வரவில்லை, தகர டப்பாவில் கல் விழுந்த சத்தம்தான் வந்தது. பாட்டின் நடுவில் அந்தப் பிடி சரியாக நாலு அடிக்கு ஒருமுறை வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் பல்லக்கா தடுக்கினாள், மைக்கு காத்திருந்தாள்.

"இது நடக்காதுடி" என்று பல்லக்கா கிட்டாரைப் படுக்கவைத்தாள். "உங்க ஸ்கூல்லயே மியூசிக் சார் இருப்பாரு. அவரை வாசிக்கச் சொல்லு. என்னால உன் பேரும் சேர்ந்து கெடணுமா?"

"எனக்கு மட்டும் ஆசையா, தொண்டை கிழியற மாதிரி மேடையில நிக்கணும்னு?" மைக்கு ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். "என்னாலயும் ரொம்ப நேரம் பாட முடியாது. சீக்கிரம் களைச்சுப்போயிடும். பேச்சுப் பயிற்சி குடுக்கற அம்மா என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? கொஞ்சம் பாடு, நிறுத்து. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்து. அப்புறம் வேற வேலை பாரு. திரும்ப வந்து கொஞ்சம் பாடு. முதல்ல எனக்குக் கோவமா வந்துச்சு. ஸ்பூன்ல அள்ளித் தொட்டியை நிரப்பற மாதிரி இருந்துச்சு. ஆனா இப்ப பேசறேனா இல்லையா?"

பல்லக்கா பஸ் வந்துவிடும் என்று சொல்லி எழுந்துகொண்டாள். மனசு சமாதானமாகவில்லை.

திங்கட்கிழமை ஒரு அம்மா பல் செட் குத்துகிறது என்று திரும்பி வந்திருந்தார். டாக்டரம்மா அவர் வாயில் மை ஒட்டும் ஒரு நீலத் தாளை வைத்து மெல்லக் கடிக்கச் சொல்லிவிட்டு, செட்டைப் பின்னறைக்கு அனுப்பினார். பல்லக்கா அதை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். எல்லாப் பல்லும் வெள்ளையாக இருக்க, கடைவாய்ப் பல் ஒன்றின் மேல் மட்டும் அழுத்தமாக ஒரு நீலப் புள்ளி. அந்த இடம்தான் தூக்கலாக இருக்கிறது. சின்னச் சக்கரத்தால் அதை மட்டும் நாலு தடவை தேய்த்தாள், ஊதினாள், திருப்பி அனுப்பினாள். முன்னறையில் அந்த அம்மா "இப்ப சுகமா இருக்கு" என்று சொல்வது கேட்டது.

சக்கரத்தை அணைத்தவள் சிரித்துவிட்டாள். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு புள்ளி குத்தினால் அந்தப் புள்ளியை மட்டும் தேய்ப்பவள், கிட்டாரை எடுத்ததும் முழு செட்டையும் முதலிலிருந்து செய்துகொண்டிருந்திருக்கிறாள்! நன்றாக வரும் வரிகளை வாசித்து வாசித்தே கிடைத்த நேரமெல்லாம் தீர்ந்திருக்கிறது. வராத இடத்துக்கு வந்து சேரும்போது விரலும் ஓய்ந்துவிடும், பொழுதும் ஓய்ந்துவிடும்.

மறுநாள் கிட்டாரை வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பின்னறையில் காத்திருக்கும் நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஊற்றிய மாவு இறுகும்வரை அச்சைத் தொட முடியாது. பொய் ஈறுக்கான பிசின் வெந்நீரில் வேகும்வரை மூடியைத் திறக்க முடியாது. அந்த இடைவெளிகளில் இத்தனை வருடம் போன் பார்த்திருக்கிறாள், நகம் கடித்திருக்கிறாள்.

டாக்டரம்மா கதவில் வந்து நின்றார். "என்ன இது, கச்சேரியா? ஏற்கெனவே பயந்துபோய் வர்றவங்கம்மா. உள்ளேர்ந்து டொய்ங் டொய்ங்னு கேட்டா என்ன நெனப்பாங்க?"

"சத்தமே வராம வாசிக்கிறேன் டாக்டர்."

தந்திகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினாள். முதலில் தந்தியை மீட்டக்கூட இல்லை. வலக்கை சும்மா கிடக்க, இடக்கை மட்டும் அந்தக் கடினமான பிடிக்கு முந்தின பிடியிலிருந்து அதற்குப் போனது, திரும்பி வந்தது. ஆமை வேகத்தில்தான். எந்த விரல் பிந்துகிறது என்று பார்த்தாள். மோதிர விரல். அது தேவையில்லாமல் ஆகாயத்துக்குக் கிளம்பிப் போய்விட்டு இறங்கி வந்தது. அதைத் தந்திக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கப் பழக்கினாள். ஒருமுறை சுத்தமாக வந்ததும் இன்னும் சில தடவை செய்துவிட்டுக் கிட்டாரை வைத்தாள். மாவு இறுகியிருந்தது.

ஒரு வாரம் போனதும் ஒன்று புரிந்தது. ஈரக் கையோடு வேலை செய்வதால் விரல் நுனி ஊறிப்போய், காய்த்துவந்த தோல் மறுபடி மெத்தென்று ஆகிவிடுகிறது. ஆகவே காலையில் தண்ணீரில் கை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் வாசித்துவிடுவது என்று மாற்றிக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போது குடைக் கம்பைக் கிட்டார்க் கழுத்தாகப் பிடித்து விரலை மாற்றி மாற்றி வைத்தாள். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நரம்பு இழுக்குதா? வெந்நீர் ஒத்தடம் குடும்மா" என்றார்.

ஒரு நாள் அந்தப் பக்கம் ஏதோ லிஃப்ட் வேலைக்கு வந்த கணவர் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் கிட்டார்ப் பையின் ஜிப்பைத் திறந்து, எடுத்து, துணி விரித்து, உட்கார்ந்து, கைக்குட்டையைச் செருகுவதை எல்லாம் நின்று கவனித்தார்.

"பையைத் திறந்து மூடறதுக்கே பாதி நேரம் போகுதே" என்றார்.

"தூசி படுமேங்க."

"எங்க வேலையில இப்படிப் பண்ணா, மாட்டிக்கிட்ட ஆள் உள்ளேயே குடித்தனம் வெச்சிருவான்." டூல் பெட்டியிலிருந்து டிரில்லை எடுத்தார். மாவுத்தூசி எட்டாத ஜன்னல் பக்கச் சுவரில், உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி அடித்தார். கிட்டாருக்கு மேலே போர்த்துவதற்காக, நாத்தனாரிடம் சொல்லிப் பழைய திரைத்துணியில் ஒரு உறையும் தைத்து வாங்கி வந்தார். அன்றிலிருந்து கிட்டார் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது.

எல்லாம் நேராக ஏறிக்கொண்டே போகவில்லை. நடுவில் பெரிய வேலையாகப் பல ஆர்டர்கள் சேர்ந்து வந்து, தொடர்ந்து பல நாள் கிட்டாரைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் போயிற்று. மறுபடி எடுத்தபோது அந்தப் பிடி தகர டப்பாவாகவே கேட்டது. அழுகை முட்டியது. கொக்கியிலேயே மாட்டிவிட்டாள். ஆனால் பிசின் இன்னும் வேகவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மறுபடி எடுத்தாள். முதல் தடவை பல நாள் பிடித்த வேலை, இந்தத் தடவை மத்தியானத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது. விரல் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு ஒரு தைரியம் பிறந்தது.

பிறகு பாட்டைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டாள். கடைசித் துண்டை முதலில் வாசிப்பாள். அதற்கு முந்தினதை அதோடு சேர்ப்பாள். நடுவில் எங்கே விரலை வைத்தாலும் அங்கிருந்து கிளம்பப் பழகினாள். ஒரு சாயங்காலம் டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"ஒருத்தருக்கு ஊசி போட்டு உக்கார வெச்சிருக்கேன். மரத்துப்போகக் காத்திருக்காரு. அந்தப் பாட்டைக் கொஞ்சம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்கன்னு கேக்கறாரு. வாய்தான் மரக்கணும், காது மரக்காது போல."

பல்லக்கா கைக்குட்டையை உருவினாள். வாசித்தாள். பல் பிடுங்கும் அறையில் அன்று யாரும் கத்தவில்லை என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

ஆண்டு விழா அன்று அரங்கம் நிறையப் பிள்ளைகளும் பெற்றோரும். மேடைக்குப் பின்னால் மைக்கு வெந்நீர்க் குப்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஓடிப்போயிடலாமாடி?" என்றாள்.

"நான் கிட்டாரோட ஓட முடியாது. நீ முதல்ல போ" என்றாள் பல்லக்கா. இருவரும் சிரித்தார்கள். பேர் கூப்பிட்டார்கள்.

முதல் சரணம் நன்றாகவே போயிற்று. தாழ்ந்த, கரகரத்த அந்தக் குரலை யாரும் எதிர்பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்த பின்வரிசை அடங்கியது. கடினமான பிடி வந்தது, போயிற்று. பல்லக்காவுக்கு மூச்சு வந்தது. இரண்டாம் சரணத்தில் ஒரு வரி மேலே ஏறும். மைக்கு ஏறினாள். குரல் பாதியில் அறுந்தது. வாய் திறந்திருக்க, காற்று மட்டும் வந்தது.

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. பல்லக்கா நிறுத்தவில்லை. தோழியின் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பினால் எல்லோரும் அவளையே பார்ப்பார்கள். பாட்டின் நடுத்துண்டுக்குத் தாவி, அதில் வரும் நாலு பிடிகளையும் ஒரு சுற்று வாசித்தாள். பாட்டே அப்படித்தான், இங்கே கிட்டார் மட்டும்தான் வரும் என்பதுபோல நிதானமாக வாசித்தாள். சுற்று முடிந்தது, மறுபடி தொடங்கினாள். ஒருமுறை ஆள்காட்டி விரல் வழுக்கி ஒரு தந்தி உறுமியது. அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பிடிக்குப் போனாள். பக்கத்தில் குப்பி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. மைக்குவின் கால் கட்டை விரல் தாளம் போட ஆரம்பித்ததை ஓரக்கண்ணில் கண்டாள். இன்னும் ஒரே ஒரு சுற்று, மெல்ல.

மைக்கு உள்ளே வந்தாள். மேலே ஏறாமல், அதே வரியைக் கீழேயே வைத்துக் கிட்டத்தட்டப் பேசுவதுபோலப் பாடினாள். அந்த வரிக்கு அது இன்னும் பொருத்தமாக இருந்தது. கடைசிவரை பாடி முடித்தாள்.

கைதட்டல் எழுந்தபோது இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் வந்ததும் மைக்குவால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. பல்லக்காவின் இடக்கையை எடுத்து, காய்த்துப்போன விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. கணவர் தூங்கிவிட்ட பொடியனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மகள் ஓடிவந்து, "அம்மா, நடுவுல கிட்டார் மட்டும் வந்துச்சே, அதுதான் சூப்பர்" என்றாள். மைக்கு அழுதுகொண்டே வாய் நிறையச் சிரித்தாள், சத்தமே இல்லாமல்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் முடிந்தபோதெல்லாம் சந்திக்கிறார்கள். நேரம் இன்னமும் யாருக்கும் கூடவில்லை. பொடியன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, காலை நேரம் இன்னும் குறைந்துதான் போயிற்று. மைக்குவின் குரல் பழையபடி ஆகவில்லை, ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் இருக்கிற குரல் நின்று பாடும் அளவுக்குத் தேறிவிட்டது. போன வாரம் அவள் போனில் கூப்பிட்டாள். பல்லக்கா கையில் மெழுகோடு ஒரு கீழ்த்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன்" என்றாள் மைக்கு. "பழைய குரலை நெனச்சு எழுதலடி. இப்ப இருக்கற குரலுக்கே எழுதினது. கேக்கறியா?"

"பாடு."

மைக்கு முதல் வரியைப் பாடினாள். அது முதலிலேயே தாழத் தொடங்கி, தாழவே நடந்தது. பல்லக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இரு, இரு. அந்த ரெண்டாவது திருப்பம் மட்டும் இன்னொரு தடவை பாடு" என்று கையைத் துடைத்தபடியே கிட்டார் தொங்கிய சுவர்ப்பக்கம் திரும்பினாள்.